புறப்படும் கணம்

கொண்டச்சி என்ற பெயரைக் கேட்டதும் கற்றோர் நினைவுக்கு வருவது முத்து. மன்னார்ப் பெருநிலத்தின் தென்மேற்குக் கரையில் சிலாவத்துறைக்குத் தெற்கே கிடக்கும் இச்சிற்றூரின் குடாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளிப்பு நடைபெற்ற ஆண்டுகளில் பெப்ரவரி மாதமளவில் ஒரு திடீர் நகரம் எழுந்து ஏப்ரலில் மறைந்துவிடும். யாழ்ப்பாணம், இராமேசுவரம், கீழக்கரை, தூத்துக்குடி, நாகப்பட்டினம், மலையாளக்கரை ஆகிய இடங்களிலிருந்து தோணிகள் இங்கு வந்து கூடின. ஆங்கிலப் படையில் பணியாற்றிய றொபேட் பேர்சிவல் 1803ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இக்காட்சியை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் நூலில் முத்தின் விலையையும் சுறாவைக் கட்ட மந்திரம் ஓதிய கடற்கட்டிகளையும் பற்றிய பகுதிகளையே பலரும் எடுத்தாள்வர். எனக்கோ அவற்றினும் சுவையாகத் தோன்றியது வேறொரு செய்தி. இரவு பத்து மணியளவில் அரிப்பில் ஒரு பீரங்கி வெடிக்கும். அவ்வொலியே சைகை. குடாவில் நின்ற தோணிகள் யாவும் ஒருங்கே பாய் விரித்துப் புறப்படும்.

ஏன் இரவு பத்து மணி? விடை காற்றில் இருக்கிறது. பகலில் சூடேறிய நிலம் இரவில் கடலைவிட விரைந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசத் தொடங்குகிறது. அக்கரைக்காற்றில் ஏறிச் சென்றால் விடியுமுன் பாரை அடையலாம். சூரியன் எழுந்ததும் குளிப்புத் தொடங்கும். நண்பகலில் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். அதுவே வீடு திரும்பும் சைகை. ஆக, பீரங்கி எந்தத் தோணியையும் ஓட்டவில்லை, ஓட்டியது காற்று. பீரங்கி வெடிக்கும்போது பாய்க்கயிறு எவன் கையில் இருந்ததோ, தண்டு வலிப்போர் எந்தத் தோணியில் உட்கார்ந்திருந்தனரோ, அதுவே நெரிசலிலிருந்து முதலில் வெளியேறியிருக்கும். குடாவின் வாயில் ஏற்பட்ட சிறு பிந்தல் பாரில் எத்தனை முழுக்காகக் குறைந்திருக்கும் என்று கணக்கிட எனக்கு ஆசை. அதற்கான குறிப்புகளை எவரும் எழுதி வைக்கவில்லை.

இத்தகைய கணக்கில் எனக்கு ஆசை பிறந்ததற்குக் காரணம் மோட்டார் சைக்கிள். தமிழ்ச் சங்க மலரில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியைப் பற்றி எழுதினால் அது பண்பாடு என்று ஏற்றுக்கொள்ளும் நாம், நேர்க்கோட்டில் இரு இயந்திரங்கள் ஓடும் பந்தயத்தை மட்டும் ஒதுக்குவதற்கு நியாயம் காண்பது கடினம். சவாரித் திடலிலும் வளைவில்லை, இங்கும் வளைவில்லை. அங்கும் புறப்பாட்டில் பாதி வெற்றி, இங்கும் அவ்வாறே.

'டிராக்' பந்தயம் எனப்படும் இதன் மரபான தூரம் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீற்றர். அமெரிக்காவில் வளர்ந்த இவ்விளையாட்டு இன்று சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை வரை வந்துவிட்டது; இந்தியாவின் தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகள் அங்குள்ள ஓடுதளத்தில் நடைபெற்றுள்ளன. தொடக்க காலத்தில் ஒருவர் நடுவில் நின்று கொடியை அசைப்பார். அவர் தோள் அசைவதைப் பார்த்தே முந்திப் பாயும் கள்ளர்களும் இருந்தனர். 1963இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் விளக்குக் கம்பம் அறிமுகமாயிற்று. அதன் வண்ண விளக்குகளைக் கண்டு அதற்கு நத்தார் மரம் என்று பெயரிட்டனர். மேலே இரு சிறு விளக்குகள், சில்லு தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றைகளைத் தொட்டுவிட்டதைக் காட்டும். அதன்பின் மூன்று மஞ்சள் விளக்குகள் அரைச் செக்கன் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். மேலும் அரைச் செக்கன் கழித்துப் பச்சை எரியும். பச்சைக்கு முன் கோட்டைக் கடந்தால் சிவப்பு. பந்தயம் அத்துடன் முடிந்தது. தொழில்முறைப் பிரிவுகளில் மூன்று மஞ்சளும் ஒருங்கே எரிந்து 0.4 செக்கனில் பச்சை வந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்ற காலத்தில் நண்பர் ஒருவர் தமது 200 சி.சி. பல்சரைத் தந்து, பழைய ஓடுபாதையொன்றில் நடந்த பயில்நிலையாளர் ஓட்டத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கு முதலில் கண்ட விந்தை இது. ஓட்ட நேரத்தை அளக்கும் மணிக்கூடு பச்சை எரியும்போது தொடங்குவதில்லை. சில்லு ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதே தொடங்குகிறது. பச்சைக்கும் நகர்வுக்கும் இடைப்பட்ட நேரம் தனியே மறுவினை நேரம் எனக் குறிக்கப்படும். அன்று எனக்கு முன் ஓடிய இருவரின் சீட்டுகளை இன்றும் வைத்திருக்கிறேன். ஒருவர் 16.9 செக்கனில் ஓடினார், மறுவினை 0.31. மற்றவர் 17.0 செக்கன், மறுவினை 0.12. கூட்டிப் பாருங்கள்: 17.21க்கு எதிராக 17.12. விரைவாக ஓடியவர் தோற்றார்! தோற்றவர் பொறியாளரிடம் சென்று மணிக்கூடு பிழையென்று வாதிட்டதும், பொறியாளர் கடதாசியில் கூட்டிக் காட்டியதும் நல்ல நாடகம்.

இங்கு புதியவர் எவரும் முதலில் கற்கவேண்டியது, பச்சையைக் காத்திருக்கக் கூடாது என்பதே. கண் ஒளியைக் கண்டு கை அசைவதற்கு ஏறக்குறைய 0.2 செக்கன் செல்கிறது. கிளச் விடுபட்டு, சங்கிலி இறுகி, ரயர் உருண்டு ஒளிக்கற்றையை விட்டு வெளியேற இன்னும் 0.2 முதல் 0.3 செக்கன். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட அரைச் செக்கன். கடைசி மஞ்சளுக்கும் பச்சைக்கும் உள்ள இடைவெளியும் அதுவே. ஆகவே கடைசி மஞ்சள் எரிந்த அக்கணமே கையை விட்டுவிட வேண்டும். பச்சையைக் கண்டபின் புறப்படுபவன் அரைச் செக்கன் பிந்தியவன். சில்லை எவ்வளவு தூரம் ஒளிக்கற்றைக்குள் செலுத்தி நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். மேலோட்டமாக நிறுத்தினால் வெளியேறச் சற்று நேரமெடுக்கும், ஆனால் ஓடும் வேகத்தோடு மணிக்கூட்டைத் தொடங்கலாம். ஆழமாக நிறுத்தினால் மறுவினை நேரம் குறையும், சிவப்பு விழும் ஆபத்தோ கூடும். பழகுபவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகவேண்டும். அன்றேல் எண்கள் எதையும் கற்பிக்கமாட்டா.

மறுவினை நேரத்தின் வரலாறும் சுவையானது. ஒல்லாந்தரிடமிருந்து மன்னாரை ஆங்கிலேயர் கைப்பற்றியதற்கு மறு ஆண்டான 1796இல், கிறீனிச் வானோக்கு நிலையத்தில் மஸ்கலின் என்ற தலைமை வானியலாளர் கின்னபுறூக் என்ற தம் உதவியாளரை வேலையிலிருந்து நீக்கினார். விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பதில் உதவியாளரின் கணக்குத் தலைவரின் கணக்கிலும் 0.8 செக்கன் பிந்தியிருந்ததே அவர் செய்த குற்றம். பின்னர் ஜேர்மனிய வானியலாளர் பெசல் இதைப் படித்து, எந்த இரு வானியலாளருக்கும் இடையே இத்தகைய வேறுபாடு உண்டெனக் காட்டினார். கின்னபுறூக்கின் வேலைக்கு அது உதவவில்லை. 1850இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் தவளையின் நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்து, அது செக்கனுக்குச் சுமார் 30 மீற்றரே என்றார். எண்ணம் போல் விரைவு என்று நாம் சொல்வது உண்மையில் மெதுவானதொரு பயணமாயிற்று. 1868இல் ஒல்லாந்து மருத்துவர் டொண்டேர்ஸ், எது வரும் என்று தெரிந்து காத்திருப்பவனிலும், பலவற்றுள் எது வரும் என்று தெரியாதவன் பிந்துவான் என்று நிறுவினார். இந்தக் கடைசி முடிவைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியிருக்கிறது.

வீட்டில் அளப்பதற்கு ஓர் அடிமட்டமே போதும். ஒருவர் முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டத்தைத் தொங்கவிட, மற்றவர் அதன் கீழ்நுனியில் விரல்களை விரித்துக் காத்திருக்க வேண்டும். விடுபட்டதும் பிடிக்க வேண்டும். இருபது சென்ரிமீற்றரில் பிடித்தால் 0.2 செக்கன், பதினொன்றில் பிடித்தால் 0.15. விடுதி அறையில் இரண்டு வாரம் இதைச் செய்தேன். முதல் நாளின் சராசரி 24. கடைசி நாளில் 19. அதாவது 0.22இலிருந்து 0.197. அவ்வளவே. பரீட்சைக்காக விழித்திருந்த இரவின் மறுநாள் அது மீண்டும் 25க்கு ஏறிவிட்டது. நரம்பைப் பழக்கிப் பெறும் இலாபம் சிறிது. உறக்கம் தரும் இலாபம் அதனிலும் பெரிது என்பது என் துணிபு. தடகள விதிகளின்படி வெடியொலிக்குப்பின் 0.1 செக்கனுக்குள் புறப்படுபவன் ஒலியைக் கேட்டுப் புறப்பட்டவனல்லன், ஊகித்துப் புறப்பட்டவன். 2011இல் தேகுவில் நடந்த உலகப் போட்டியின் நூறு மீற்றர் இறுதியில் உசேன் போல்ற் வெடியொலிக்கு முன்னரே பாய்ந்து வெளியேற்றப்பட்டதை அறியாதார் இலர்.

புறப்பாட்டின் மறுபாதி கிளச்சில் இருக்கிறது. கிளச்சைத் திடீரென விட்டால் பின்சில்லு வழுக்கிச் சுழலும். அல்லது முன்சில்லு மேலெழும். ரயர் தரையில் உருளும்வரை அதற்குப் பிடி உண்டு. சுழலத் தொடங்கியதும் அப்பிடியில் ஒரு பகுதி போய்விடும், புகையும் ஓசையுமே மிஞ்சும். மிக மெதுவாக விட்டால் இயந்திரம் முனகி நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடையில், கிளச் 'கடிக்கும்' இடம் என்று ஓட்டுநர் சொல்லும் ஒரு சிறு தூரம் உண்டு. விரலின் ஓரங்குல அசைவுக்குள் அடங்கியது அது. உடலை முன்னே சாய்த்து, மார்பைத் தாங்கியின் மேலே கொண்டுவந்து, அக்சிலேற்றரை ஒரே அளவில் நிறுத்தி, அந்த ஓரங்குலத்தை ஒரு செக்கனளவில் கடக்க வேண்டும். முதல் அறுபது அடியில் இழந்த பத்திலொரு செக்கன் முடிவுக் கோட்டில் அதனிலும் பெரிதாகிவிடும். ஏனெனில் அங்கு இழக்கும் வேகம் பின்னர் முழுத் தூரத்துக்கும் குறைவாகவே தொடர்கிறது. நண்பர் எனக்கு அளித்த பயிற்சி, இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, அக்சிலேற்றரைத் தொடாமலே கிளச்சினால் மட்டும் வண்டியை ஓரடி நகர்த்தி நிறுத்துவது. ஒரு மாலையில் நூறு முறை. முப்பதாம் முறைக்குப்பின் கை கேட்பதில்லை. எழுபதாம் முறைக்குப்பின் கைக்குத் தானே தெரியும்.

அந்தக் கையறிவை நான் முன்னரே கண்டிருந்தேன். கண்டது பாதையில் அன்று, கடலில்.

எங்கள் குடும்பம் கொண்டச்சியைச் சேர்ந்தது. 1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது உம்மாவும் வாப்பாவும் புத்தளத்துக்கு வந்தனர். நான் பிறந்தது அங்குள்ள ஒரு கிடுகுக் குடிசையில். வாப்பா கற்பிட்டிக் கடலில் சங்கும் கடலட்டையும் குளித்தார்; உம்மாவின் தம்பியான மாமா வள்ளத்தில் இருந்து கயிறு பிடித்தார். முத்துக்குளிப்பில் கயிறு பிடிப்பவன் மச்சானாகவே இருக்கவேண்டும், தன் சகோதரியைக் கைம்பெண்ணாக்க எவனும் விரும்பமாட்டான் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு வழக்கு உண்டு. எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் அவ்வாறே இருந்தது. பேர்சிவல் காலத்துக் குளிப்பவர் கல்லைக் காலிற் கோத்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கினர். முழுக்கு ஒரு நிமிடமளவில் முடிந்தது. வாப்பாவோ காற்றுச் சிலிண்டரோடு இறங்கியமையால் நெடுநேரம் கீழே இருப்பார். நீர் கலங்கிய நாட்களில் இடுப்பில் ஒரு மெல்லிய கயிறு. ஒருமுறை இழுத்தால் நலம். இரண்டு முறை இழுத்தால் கயிறு விடு. தொடர்ந்து இழுத்தால் தூக்கு.

எனக்குப் பதினான்கு வயது. ஆறு பாக ஆழத்தில் வாப்பா இருந்தார். மாமா அடுத்த வள்ளத்தவரோடு அட்டை விலையைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். கயிறு அவர் இடக்கையின் இரு விரல்களுக்கிடையில் கிடந்தது. பேச்சின் நடுவில், ஒரு சொல்லைப் பாதியில் விட்டு, எழுந்து இரு கைகளாலும் இழுக்கத் தொடங்கினார். இழுப்பு எதுவும் வரவில்லை என்பதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா அரை நினைவோடு மேலே வந்தார்; உதடுகள் வெளிறி, வாய்க்குழாய் நழுவித் தொங்கியது. சிலிண்டரில் அடைத்த காற்றில் இயந்திரப் புகை கலந்திருந்தது என்று பின்னர் அறிந்தோம். மாலைக்குள் தேறிவிட்டார். அன்றிரவு மாமாவிடம், சைகை வராமலே எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "மச்சான் வேலை செய்யக்குள்ள கயிறு சும்மா கிடக்காது மருமகன். மெல்ல மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் நின்று போச்சு" என்றார்.

சைகைக்கு மறுவினை செய்வது ஒன்று. சைகை நின்றதற்கு மறுவினை செய்வது வேறொன்று. பிந்தியதற்கு விளக்கு இல்லை, வெடியும் இல்லை. 1948இல் மக்வேத் என்ற ஆங்கில உளவியலாளர், போர்க்கால றேடார்த் திரையைப் பார்த்திருப்போரின் இடரை ஆராய்வதற்காக ஒரு மணிக்கூட்டு முள்ளை இரண்டு மணி நேரம் பார்த்திருக்கும்படி பலரைப் பணித்தார். முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டு சொல்லவேண்டும். அரை மணி நேரம் கழிந்ததுமே அவர்கள் தவறவிடும் தாவல்கள் கூடின. மாமா காலை ஆறு மணியிலிருந்து நண்பகல்வரை கயிறு பிடித்தவர்.

போர் முடிந்து, 2009க்குப் பின் ஊர் திரும்பினோம். சிலாவத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டி நோக்கிச் செல்லும் வீதி காப்பெற் இடப்பட்டு, பற்றைக்காட்டின் நடுவே நேராகக் கிடக்கிறது. அந்த நேரான வீதியே எனக்கு இப்போது கவலை. மாமாவின் மகனுக்குப் பத்தொன்பது வயது. மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். மாலையில் ஊர்ப் பையன்கள் அங்கு இருவர் இருவராக ஓடுகின்றனர். நான் ஓடுபாதையில் ஓடியது அவனுக்குத் தெரியும். "மச்சான், உங்களுக்கு 0.19 எண்டா எனக்கு 0.17 வரும். மாடு குறுக்க வந்தா நிப்பாட்டிருவன்" என்றான். அடிமட்டத்தில் சோதித்தேன். 18 சென்ரிமீற்றர், 0.19 செக்கன். எனக்குச் சமம்.

இங்குதான் டொண்டேர்ஸ் தேவைப்படுகிறார். விளக்கின் முன் நிற்பவனுக்கு என்ன வரும், எப்போது வரும், என்ன செய்யவேண்டும் என்ற மூன்றும் தெரியும். கையும் ஏற்கனவே கிளச்சில் இருக்கிறது. வீதியில் மாடு வரும் என்பது தெரியாது. அது மாடா நிழலா என்பதைக் கண் தேறவேண்டும். பிரேக்கா ஒதுங்கலா என்று மனம் தேறவேண்டும். பிறகு கையை அக்சிலேற்றரிலிருந்து எடுக்கவேண்டும். எதிர்பாராத தடைக்கு ஓட்டுநர் ஒன்று முதல் ஒன்றரைச் செக்கன் எடுப்பது வழமை. மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் 0.2 செக்கனில் வண்டி செல்லும் தூரம் மூன்று மீற்றருக்குச் சற்று அதிகம். ஒன்றரைச் செக்கனில் 25 மீற்றர். அதுவரை பிரேக் தொடப்படவே இல்லை. வேகம் நூறானால் ஏறத்தாழ 42 மீற்றர். அடிமட்டத்தில் பெற்ற எண்ணை வீதிக்குக் கொண்டுசெல்வது, பீரங்கியைக் கேட்டுப் பாய் விரிக்கத் தெரிந்தவன் சுறாவையும் தடுப்பான் என்பது போன்றது. ஓடுபாதையில் பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஆட்கள் நின்று காவல் செய்கின்றனர். முடிவுக் கோட்டுக்கு அப்பால் நிறுத்துவதற்கென்றே நீண்ட வெளி விடப்படுகிறது. அவ்வளவு ஏற்பாட்டிலும் 2008இல் ஸ்கொற் கலிற்றா என்ற தேர்ந்த ஓட்டுநர் உயிரிழந்தார். அதன்பின் அமெரிக்காவின் மிக வேகமான பிரிவுகளில் தூரத்தையே ஆயிரம் அடியாகக் குறைத்தனர்.

இதையெல்லாம் அவனுக்குக் கடதாசியில் எழுதிக் காட்டினேன். கணக்கை ஒப்புக்கொண்டான், வீதியை விடுவதாகச் சொல்லவில்லை. அடுத்த பயில்நிலை ஓட்டத்துக்கு என்னோடு வருவதாயின் அதுவரை வீதியில் ஓடுவதில்லை என்ற ஓர் உடன்படிக்கைக்கு மட்டும் இணங்கினான். அவனுக்குக் கிளச் கற்பிப்பது சரியா என்று உம்மா கேட்டார். ஓடத்தான் போகிறான், விளக்கும் காவலும் உள்ள இடத்தில் ஓடட்டும் என்பதே என் நிலைப்பாடு. உம்மா அதை ஏற்றாரென்று சொல்லமாட்டேன்.

வலை பொத்திக்கொண்டிருந்த மாமா அடிமட்டத்தை வாங்கிப் பார்த்தார். தம்மையும் சோதிக்கச் சொன்னார். 27 சென்ரிமீற்றர். மகன் சிரித்தான். "கண்ணுக்குக் காட்டாதீங்க மருமகன், கையில தொட்டு விடுங்க" என்று கண்களை மூடிக்கொண்டார். அடிமட்டத்தை விடும் அதே கணத்தில் அவர் மறுகையை என் விரலால் தொட்டேன். 17. தொடுகைக்கு மறுவினை பார்வையிலும் விரைவென்பது நூல்களிலும் உள்ளதே. அவ்வாறே மகனையும் சோதித்தபோது அவன் 15இல் பிடித்தான்.

மாமா அதைக் கேட்டு மகிழ்ந்தே போனார். "நல்லம். நாளைக்கு வள்ளத்துக்கு வரட்டும். எத்தினை மணித்தியாலம் பிடிக்கிறான் எண்டு பாப்பம்."

மறுநாள் விடியுமுன் அவன் போனான். பத்து மணிக்குக் கை மரத்துவிட்டதாகக் கரையில் வந்து சொன்னான். மாமா அவனைப் பதினொரு மணிவரை மறுகையால் பிடிக்கவைத்திருக்கிறார்.